பருந்தக்கா இறங்கி வந்த காலை

அந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவளுக்குப் பருந்தக்கா என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லித் தேடி வந்தால் வாசல் காவலாளிக்கே ஆள் யாரென்று தெரியாது. "கிரேன் ஓட்டுற அம்மாவா? பருந்தக்கான்னு சொல்லுங்களேன்!" என்று வானத்தைக் காட்டுவார். அங்கே, கட்டடத்தையும் தாண்டி நிற்கிற டவர் கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் உட்கார்ந்திருப்பாள்.

காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் மண்ணை மிதிப்பாள். மற்ற ஓட்டுநர்கள் சாப்பிட இறங்குவார்கள், டீக்கு இறங்குவார்கள், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இவள் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுவாள். "எறங்கி எறங்கி ஏற நான் என்ன லிஃப்டா?" என்பாள். கம்பிக் கட்டோ, கான்கிரீட் வாளியோ, கதவுச் சட்டமோ, அவள் இறக்கி வைத்தால் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல இருக்கும். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. மறைத்ததும் இல்லை.

கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டி, வயர்லெஸ்ஸில் "இடது, இன்னும் கொஞ்சம், போதும், இறக்கு" என்று வழி சொல்கிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனை இந்த வேலைக்கு இழுத்து வந்தவளே அவள்தான். அக்காவின் கண்ணும் தம்பியின் வாயும் சேர்ந்தால்தான் ஒரு சுமை நகரும் என்று மேஸ்திரிகள் கேலி பேசுவார்கள்.

இவ்வளவு சொன்னபின் அந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பருந்தக்கா ஒரு காலத்தில் குடித்தாள். துக்கத்துக்கோ தோல்விக்கோ குடிக்கவில்லை. வேலை முடிந்து ஆட்களோடு உட்கார்ந்தபோது ஒரு கிளாஸ் வந்தது, வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கிளாஸ் பாட்டில் ஆனது. பாட்டில் வீட்டுக்கு வந்தது. அவள் கணவர் வீட்டுக்குக் கீழேயே இரண்டு நாற்காலி போட்டுச் சலூன் நடத்துகிறவர், சாது. யாராவது கேட்டால், "அவளுக்குக் கொஞ்சம் பிரஷர், படுத்திருக்கா" என்று பூசி மெழுகுவார். ஒரு நாள் அவருக்கே பூசி மெழுகிச் சலித்துவிட்டது. சண்டை போடவில்லை. மகளின் பள்ளிக்கூடப் பையை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "நாங்க அண்ணன் வீட்டுல இருக்கோம். வீட்டுல பாட்டில் இல்லைன்னு ஆனதும் கூப்பிடு, வர்றோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு நிறுத்தினாள். பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். கை நடுங்கியது, தூக்கம் போனது, சுவரைப் பார்த்தால் சுவர் நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். மருத்துவர் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார்: குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் வாரம் ஒருமுறை நூலகத்துக்குப் பின்னால் கூடுகிறார்கள், போய் உட்காருங்கள், துணையாக இருக்கும் என்று.

"வட்டமா உக்காந்து அழறதுக்கு நான் போக மாட்டேன் டாக்டர். என் கையால எடுத்தேன், என் கையாலேயே கீழ வைக்கத் தெரியும்."

வைத்தும் காட்டினாள். கணவரும் மகளும் திரும்பி வந்தார்கள். வருடங்கள் ஓடின. மகள் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போனாள். தெருவில் நடக்கும்போது பருந்தக்காவின் தலை ஒரு அங்குலம்கூடத் தாழ்ந்ததில்லை. தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டவள் என்ற நினைப்பு அவளுக்கு இன்னொரு முதுகெலும்பு மாதிரி இருந்தது.

அது உடைந்தது ஒரு நல்ல நாளில்தான்.

கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏற்ற வேண்டிய குளிர்சாதன இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. ஒரு வீட்டளவு பெரிய இரும்புப் பெட்டி. கிரேன் தூக்கக்கூடிய எடையின் விளிம்பில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவில் குறுகலான இடைவெளி. காலையிலிருந்து காற்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் கையைப் பிசைந்தார்கள். அவள் மேலே உட்கார்ந்து காற்றுமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் அடங்கிய நேரத்தில், "தம்பி, இப்போ" என்றாள். அந்தப் பெட்டி சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஆடாமல் அசையாமல் ஏறிப் போய், போல்ட்டுகள் மேல் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. கீழே விசில் பறந்தது.

மாலையில் தளத்தின் உணவுக்கூடத்தில் சின்னக் கொண்டாட்டம். கம்பெனி முதலாளியே வந்திருந்தார். சைட் மேனேஜர், அவர் இந்த இடத்துக்குப் புதியவர், அவளுடைய பழைய கதை எதுவும் தெரியாதவர், மது ஊற்றிய ஒரு கிளாஸை அவள் கையில் வைத்தார். "இன்னிக்கு ஹீரோ நீங்கதாம்மா. எடுத்துக்கோங்க."

பழைய ஆட்கள் இரண்டு பேர் இதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்கள். தம்பி அந்த நேரத்தில் கொக்கிச் சங்கிலிகளை அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். கிளாஸ் கையில் குளிர்ந்தது. பருந்தக்காவுக்கு ஆசை வந்தது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. அவளுக்கு வந்தது தைரியம். 'நான் ஜெயிச்சவ. ஒரு கிளாஸ் என்னை என்ன செஞ்சுடும்?' என்று நினைத்தாள். அதே கர்வத்தோடு குடித்தாள்.

ஒரு கிளாஸ் அன்று ஒன்றும் செய்யவில்லை. அதுதான் வினை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கணவரோடு சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தாள். 'பார்த்தியா, ஒண்ணும் ஆகல' என்று மனசு சொன்னது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வரும் வழியில் கால் தானாகவே அந்தக் கடைப் பக்கம் திரும்பியது. சின்ன பாட்டில்தான். அதைத் துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தாள். பழைய கெட்டிக்காரத்தனங்கள் எல்லாம் கூப்பிடாமலே வரிசையாக வந்து நின்றன: பையில் புதினா மிட்டாய், பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வது, குளிக்கப் போனால் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வது. எதையும் அவள் மறந்திருக்கவில்லை. இவ்வளவு வருடம் கழித்தும் கை தடுமாறாமல் பழைய வழிக்கே போனது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. இருந்தும் நிற்கவில்லை.

முதலில் மாலையில் மட்டும் என்று தனக்கு ஒரு சட்டம் போட்டாள். பிறகு ஒரு காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையில் நடுங்கியது. 'இந்தக் கையோட லிவரைப் பிடிக்க முடியாது' என்று தோன்றியது. நடுக்கம் நிற்பதற்காக, வெறும் நடுக்கத்துக்காக, துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் கை விட்டாள். ஒரு மடக்கு இறங்கியதும் நடுக்கம் நின்றது. புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்றைக்குத் தூக்க வேண்டியவை வார்த்து வந்த கான்கிரீட் படிக்கட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மாடிப்படி முழுசாக. கட்டடத்துக்குள்ளே ஆறேழு ஆட்கள் நின்று கையால் பிடித்து இடத்தில் உட்கார வைக்க வேண்டும். தம்பி அவர்களோடு நிற்பான்.

இடுப்புப் பட்டையின் கொக்கியை ஏணியின் கம்பியில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பழகிய ஏணி. பாதி உயரத்தில் ஒரு இரும்புத் தட்டு உண்டு, மூச்சு வாங்க நிற்கிற இடம். அவள் அங்கே என்றுமே நின்றதில்லை. அன்று நின்றாள். கால் ஒரு படியைத் தவறி மிதித்திருந்தது. விழவில்லை, பட்டை பிடித்துக்கொண்டது. ஆனால் தவறியது அவளுக்குத் தெரிந்தது.

கீழே பார்த்தாள். மஞ்சள் தொப்பிகள். அதில் தம்பியின் தொப்பியில் மட்டும் சிவப்புக் கோடு. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஏன் நின்னுட்ட? மூச்சு வாங்குதா?" வயர்லெஸ் கரகரத்தது.

"வாங்கல."

"அப்புறம்?"

தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். பிரஷர் என்று சொல்லலாம், கணவர் அந்தக் காலத்தில் சொன்ன பொய் கைவசம் தயாராக இருந்தது. மேனேஜர் பதறிப் போய் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். நாளைக்கு மறுபடி இதே ஏணி. நாளைக்கும் ஒரு பொய் வேண்டும். பேசாமல் ஏறிவிட்டால்? கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கொக்கியை அவளால் இறக்க முடியும். அப்படி நினைத்த மறுகணமே, கிளாஸைக் கையில் வாங்கியபோதும் இதே குரல்தான் பேசியது என்று அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

"தம்பி, லைன்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும்தான். மேனேஜர் சாரும் இருக்காரு. ஏன்?"

"நல்லதாப் போச்சு. எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் இன்னிக்குக் காலையில குடிச்சிருக்கேன். இன்னிக்கு மட்டும் இல்ல, கொஞ்ச நாளாவே குடிக்கிறேன். நான் மேல போக மாட்டேன். எறங்குறேன். படிக்கட்டைப் பிடிக்க உள்ள நிக்கிற ஆளுங்களை வெளிய அனுப்புங்க."

கீழே மஞ்சள் தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அண்ணாந்தன. கலவை இயந்திரம் மட்டும் விவரம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். கால் தேடித் தேடிப் படியைப் பிடிக்க வேண்டும். இரண்டு படி இறங்குவதற்குள் கீழே ஏணி அதிர்ந்தது. தம்பி ஏறி வந்துகொண்டிருந்தான்.

"வராதடா! நானே வந்துடுவேன்."

"நீ வா. நான் தடுக்கல. உன் காலுக்குக் கீழ வர்றேன், அவ்வளவுதான்."

அவள் ஒரு படி இறங்கினால் அவன் ஒரு படி இறங்கினான். "இந்தக் கால்... கொஞ்சம் வலது... வெச்சுட்ட, அடுத்தது" என்று, சுமைக்கு வழி சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். மொத்தத் தளமும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. பருந்தக்காவின் காதுமடல் எரிந்தது. ஆனால் தலையைத் தாழ்த்தவில்லை. மண்ணில் கால் வைத்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மேனேஜரின் அறைக்கு நடந்தாள். ஆட்கள் வழி விட்டார்கள்.

மேனேஜரின் முகம் வெளுத்திருந்தது. யாரோ அதற்குள் அவரிடம் பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, அன்னிக்கு அந்தக் கிளாஸ்... நான்தானே கொடுத்தேன். எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க கொடுத்தது ஒரு கிளாஸ் சார். மத்ததெல்லாம் நானே வாங்கினது. அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது."

ஓட்டுநர் அட்டையை மேசையில் வைத்தாள். விதி தெளிவாக இருந்தது: சிகிச்சை எடுத்து, மருத்துவர் சரி என்று எழுதித் தரும்வரை கிரேன் கிடையாது. விரும்பினால் கீழே கருவி அறையில் வேலை பார்க்கலாம். "விரும்புறேன்" என்றாள்.

வெளியே சங்கிலி அறைக்குப் பக்கத்தில் தம்பி காத்திருந்தான். அவன் கண்ணைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டான். "நீ புதினா மிட்டாய் சாப்பிட ஆரம்பிச்சப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் கீழ நின்னியா? என் சுமைக்குக் கீழயா?" அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் மேல் வர வேண்டிய கோபமெல்லாம் அவன் மேல் பாய்ந்தது. "உன் புத்தி எங்கடா போச்சு? உனக்குப் பொண்டாட்டி இல்ல? குழந்தை இல்ல? அந்தப் பசங்க எல்லாம் யாரு வீட்டுப் பிள்ளைங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லணும்னு தினமும் வருவேன். உன் முகத்தைப் பாத்தா வாய் வராது." அவன் குரல் உடைந்தது. "நீ எங்க அக்கா. நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். சொல்லலேன்னா, கீழ வேற எவனோ நிக்கிறதுக்கு நானே நிக்கலாம்னு நின்னேன்."

அடிக்க ஓங்கிய கையை அவள் அவன் தொப்பியின் மேல் வைத்தாள். "இனிமே இப்படி நிக்காத. என் தலையில அடிச்சாவது சொல்லு" என்றாள். "சரி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனாள். கணவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. அந்த நேரத்தில் மனைவி வந்து நிற்பதைக் கண்ணாடியில் பார்த்ததும் அவர் கத்தி நின்றது.

"மறுபடி குடிச்சுட்டேங்க. வேலையில சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்."

நாற்காலியில் இருந்தவர் மூச்சுவிடவும் மறந்து உட்கார்ந்திருந்தார். கணவர் மீதிக் கன்னத்தையும் பொறுமையாக வழித்து முடித்தார். முகம் துடைத்து, படிகாரம் தடவி, ஆளை அனுப்பிவிட்டு, கதவில் 'மூடப்பட்டுள்ளது' பலகையைத் திருப்பினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"யாரு கண்டுபிடிச்சா?"

"யாரும் இல்ல. நானேதான் சொன்னேன்."

"நீயேவா? எல்லாருக்கும் முன்னாடியா?"

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி. வயர்லெஸ்ல."

அவர் தரையில் கிடந்த முடியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இந்தத் தடவை நாங்க எங்கேயும் போகல. ஆனா நீ அந்தக் கூட்டத்துக்குப் போகணும். தனியாப் பாத்துக்குறேன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். சாதுவின் வாயிலிருந்து 'ஒத்துக்க மாட்டேன்' என்று அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

போனாள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், அவள் பயந்த அதே வட்டம். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேசச் சொன்னபோது, "நான் அழ மாட்டேன், முன்னாடியே சொல்லிடுறேன்" என்றாள்.

கூட்டத்தை நடத்துகிற அம்மா ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறவர். "அழறது உங்க இஷ்டம்ங்க. டீ மட்டும் கட்டாயம்" என்று கோப்பையை நீட்டினார். வட்டமே சிரித்தது. பருந்தக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, என்ன ஆயிற்றோ, பேச ஆரம்பித்தாள். நல்ல நாளில் விழுந்ததைச் சொன்னபோது எதிரில் இருந்த மூன்று நான்கு தலைகள் ஆடின. நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்த ஒன்று இத்தனை பேருக்கும் தெரிந்த சமாச்சாரமாக இருப்பது அவளுக்கு ஆறுதலாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. மறுவாரம் தானாகவே போனாள்.

கருவி அறை நாட்கள் இனிக்கவில்லை. சுத்தியலையும் திருகியையும் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலை. மேலே வேறொருவர் ஓட்டுகிற கிரேன் தன் தலைக்கு மேல் திரும்பும்போதெல்லாம் கழுத்து தானாக நிமிரும். ஒரு நாள் தச்சர் ஒருவர், "என்ன, பருந்து கோழி ஆயிடுச்சு போல!" என்று சத்தமாகச் சொன்னார்.

"கோழியாவது முட்டை போடும். நீங்க காலையிலேர்ந்து ஒரு சட்டம்கூடப் போடலையே" என்றாள். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதன்பின் யாரும் வாயைக் கொடுக்கவில்லை.

மகள்தான் மசியவில்லை. வாரக்கணக்கில் பேசாமல் இருந்தாள். ஒரு நாள் காலையில் சாப்பாட்டுப் பையைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் மாட்டிவிட்டாள். அதன்பிறகு தினமும் அப்படியே. பருந்தக்கா தடுக்கவில்லை. "நல்லாப் பாரு. அந்த மூலையையும் பாரு" என்று பையை விரித்துக் காட்டுவாள். மகள் சிரிக்காமல் பார்ப்பாள். அது இன்றைக்கும் நடக்கிறது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு வேறொரு தளத்தில் அவளுக்குக் கிரேன் கிடைத்தது. அதே மேனேஜர்தான் அவளை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் எல்லா ஓட்டுநர்களும் குடித்திருக்கிறார்களா என்று காட்டுகிற கருவியின் குழாயில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று அங்கே புது ஏற்பாடு. சிலர் முணுமுணுத்தார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்று, கன்னம் உப்ப, ஊர் கேட்கிற மாதிரி ஊதிவிட்டு ஏறுகிறவள் பருந்தக்கா. கீழே சிவப்புக் கோடு போட்ட தொப்பி. முதல் நாள் முதல் சுமை இறங்கி நின்றதும் வயர்லெஸ்ஸில், "எப்படிடா?" என்றாள். "கொஞ்சம் துரு ஏறியிருக்கு, போகப் போக சரியாயிடும்" என்றான் தம்பி. முன்பென்றால் அந்தப் பதிலுக்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள். அன்று, "ஆமா, அடுத்ததை மாட்டு" என்றாள்.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்தவள் சலூன் வாசலில் நின்றாள். உள்ளே கணவரின் குரல் கணீரென்று கேட்டது. யாரோ ஒரு புது ஆள் நாற்காலியில்.

"...ஏணியோ மேகத்துக்குள்ள போயிடுச்சு சார். கீழ முந்நூறு பேரு. முதலாளி, மேனேஜர், எல்லாரும். காத்துன்னா அப்படி ஒரு காத்து! அங்கேர்ந்து சொல்றா, 'நான் குடிச்சிருக்கேன், மேல போக மாட்டேன்'னு. எந்த ஆம்பளைக்கு சார் வரும் அந்த தைரியம்? எனக்கு வருமா? உங்களுக்கு வருமா?"

பிரஷர் என்று பூசி மெழுகிய மனுஷன். பருந்தக்கா படியிலேயே நின்று கேட்டாள். உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நன்றாகத் தூக்கினாள் என்று விசிலடித்த நாளில்கூட இப்படி இருக்கவில்லை. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மேகமெல்லாம் இல்லைங்க. பாதி ஏணி. காத்தும் கிடையாது."

நாற்காலியில் இருந்தவர் சட்டென்று திரும்பினார். "அந்த அம்மா... இவங்கதானா?"

"இவதான் சார்!" என்றார் கணவர், கத்தரிக்கோலை அவள் பக்கம் நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி.

"ஏங்க, கதையை எப்படி வேணா சொல்லிக்கோங்க. முதல்ல அவரு காதைப் பாத்து வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, காய்கறிப் பையைக் கீழே வைத்து, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள் பருந்தக்கா, மீதியையும் கேட்பதற்கு.